உறுதியைப் பார்த்தோம், குசினியைப் பார்த்தோமா?

 

பதுளை, ஹாலி-எல, பசறை, பண்டாரவளை, வெலிமடை, அப்புத்தளைப் பக்கத்துச் சொந்தங்களுக்கும், என்னிடம் படித்த பிள்ளைகளுக்கும், அவர்களுடைய பெற்றோருக்கும் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். ஆனால் வீடு வாங்கவோ விற்கவோ வாடகைக்குக் கொடுக்கவோ யோசிக்கிறவர்கள் தயவுசெய்து கடைசி வரைக்கும் வாசியுங்கள். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

மூன்று மாதத்துக்கு முன் என் தங்கச்சியும் மச்சானும் பதுளைக்குக் கிட்ட ஒரு வீடு வாங்கினார்கள். மச்சான் பத்து வருடம் வெளிநாட்டில் வெயிலில் நின்று உழைத்த காசு. அதனால் எல்லாவற்றையும் கவனமாகத்தான் பார்த்தோம். நொத்தாரிசு உறுதியை வரிக்கு வரி வாசித்தார். காணிப் பதிவகத்தில் முப்பது வருடத்துப் பதிவைத் தேடி எடுத்தோம். நில அளவையாளர் வந்து எல்லைக் கல்லைக் காட்டினார். வரி நிலுவை, மின்சார பில், தண்ணீர் பில் எல்லாம் பார்த்தோம். வீட்டுக்கு மட்டும் நாலு தடவை போனோம். டைல்ஸ் நல்லது, கூரை நல்லது, தண்ணீர் வேகமாக வருகிறது என்று நானும் தலையாட்டினேன்.

குசினிச் சுவரில் துளை போட்டு அந்தப் பக்கம் போகிற கேஸ் பைப்பை ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. பத்தாம் வகுப்புக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிற நானும் பார்க்கவில்லை. அதை முதலில் ஒப்புக்கொள்கிறேன்.

வீட்டை விற்றவர் நல்ல மனதோடு, "சிலிண்டரையும் குக்கரையும் நீங்களே வச்சிக்கொள்ளுங்க" என்று விட்டுப் போனார். எங்களுக்கும் சந்தோசம். சிலிண்டர் பான்ட்ரி அலுமாரிக்குள். பைப் அலுமாரியின் பின்னால் சுவருக்குள் போய், மறுபக்கம் குக்கருக்கு வருகிறது. எங்கள் ஊர் வீடுகளின் அமைப்பு உங்களுக்குத் தெரியும். வீதிப் பக்கம் பார்த்தால் ஒரு மாடி. பள்ளத்துப் பக்கம் பார்த்தால் இரண்டு மாடி. குசினி மேலே, படுக்கையறை கீழே, நடுவில் படி.

குடிபோன மூன்றாம் நாள் இரவு பத்து மணி இருக்கும். பள்ளத்துப் பக்கத்து வீட்டு அக்கா வந்து கதவைத் தட்டி, "தங்கச்சி, ஒங்க வூட்டுக் கீழ கேஸ் வாடை அடிக்குது" என்று சொன்னார். தங்கச்சி குசினியில் போய்ப் பார்த்தாள். அங்கே வாடை பெரிதாக இல்லை. படி இறங்கினால்தான் மூக்கில் ஏறுகிறது. கீழே தூங்கிக்கொண்டிருந்தது என் மருமகள், இரண்டரை வயது.

அல்லாஹ்வின் கிருபை, தங்கச்சி லைட்டைப் போடவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். மச்சான் சிலிண்டரை மூடி, கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டார். அடுத்த நாள் அலுமாரியைக் கழற்றிப் பார்த்தால், சுவருக்குள் இருந்த இறப்பர் பைப் விறைத்துப்போய் வெடித்திருக்கிறது. அந்த வெடிப்பைச் சுற்றி கறுப்பு டேப். வயருக்குச் சுற்றுகிற அதே டேப்.

விற்றவருக்கு நான் கோல் எடுத்தேன். சண்டை பிடிக்க இல்லை. தெரிந்ததா தெரியாததா என்று கேட்க. அவர் சொன்ன பதிலுக்காகத்தான் இந்தப் பதிவை எழுதுகிறேன்:

"அது ரெண்டு வருசமா அப்படித்தான் இருந்துச்சு சேர், ஒண்டும் நடக்கலையே."

அவருடைய பெயரையோ ஊரையோ இங்கே கேட்காதீர்கள். சொல்ல மாட்டேன். அவர் கெட்ட மனிதர் இல்லை, எங்களைப் போல ஒருவர். அதுதான் என்னைப் பயப்படுத்துகிறது. இந்தப் பதிலை நம்மில் பாதிப் பேர் சொல்லுவோம்.

*

ஏன் மேலே வாடை இல்லாமல் கீழே மட்டும் வாடை அடித்தது? இதை வகுப்பில் சொல்லுவேன், இங்கேயும் சொல்கிறேன். சமையல் கேஸ் காற்றை விடப் பாரமானது. புகை மேலே போகும், கேஸ் கீழே இறங்கும். தண்ணீர் ஓடுகிற மாதிரி படியில் இறங்கி, கான் வழியாகப் போய், பள்ளமான அறையில் தேங்கும். சமதரையில் உள்ள ஊர்களை விட மலைச்சரிவில் வீடு கட்டியிருக்கிற எங்களுக்கு இது பெரிய விசயம். போதாததற்கு இங்கே குளிர். இரவில் ஜன்னலை இறுக்கி மூடி, கதவுக்குக் கீழே சாக்கும் வைத்து அடைக்கிற ஆட்கள் நாங்கள்.

இன்னொரு கணக்கு. காற்றில் ஏறத்தாழ நூற்றுக்கு 2 பங்கு கேஸ் கலந்தாலே தீப்பிடிக்கும். பத்தடிக்குப் பன்னிரண்டடி, ஒன்பதடி உயரமுள்ள ஒரு குசினியை எடுங்கள். அந்த அளவுக்குக் கலக்க ஒன்றரைக் கிலோ கேஸ் கூடத் தேவையில்லை. பெரிய சிலிண்டரில் இருப்பது 12.5 கிலோ. சின்னச் சிலிண்டரில் இருக்கிற 2.3 கிலோவே தாராளம். பிறகு ஒரு சுவிட்ச் தட்டுகிற பொறி போதும், பிரிட்ஜ் தானாக ஓடத் தொடங்குகிற பொறி போதும்.

2021 நவம்பர், டிசம்பர் மாதங்களை மறந்துவிட்டீர்களா? நாடு முழுக்க ஒவ்வொரு நாளும் ஒரு குசினி வெடித்த செய்தி. சிலிண்டரை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு அடுப்பெரித்த உம்மாமார் எத்தனை பேர்! அப்போது ஜனாதிபதி எட்டுப் பேர் கொண்ட குழுவை நியமித்தார். மொரட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் அதற்குத் தலைவர். சிலிண்டருக்குள் இருந்த புரொப்பேன், பியூட்டேன் கலவையின் விகிதம் மாறியதுதான் முக்கிய காரணம் என்று குழு சொன்னது. புரொப்பேன் கூடினால் அமுக்கம் கூடும். அமுக்கம் கூடினால் பலவீனமான இடத்தால் கேஸ் வெளியே வரும்.

கம்பனிகள் மீதும் அதிகாரிகள் மீதும் எங்களுக்கு வந்த கோபம் நியாயமான கோபம். மக்களுக்குச் சொல்லாமல் கலவையை மாற்றுவது மன்னிக்கக்கூடிய காரியம் இல்லை. ஆனால் அந்த "பலவீனமான இடம்" எங்கே இருந்தது? எங்கள் வீட்டில். பத்து வருடப் பைப்பில், ஆடுகிற ரெகுலேட்டரில், கறுப்பு டேப்பில். கம்பனியைத் திட்டி நாங்கள் எல்லோரும் பேஸ்புக்கில் எழுதினோம். பைப்பை மாற்றியவர்கள் எத்தனை பேர்? பிறகு வரிசை வந்தது, 2022 ஏப்ரலில் ஒரு சிலிண்டர் 4,860 ரூபா ஆனது, கேஸ் கிடைத்தால் போதும் என்ற நிலை வந்தது. பைப் பழையபடியே கிடந்தது.

*

இப்போது சட்டத்துக்கு வாருங்கள்.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. காணி, வீடு கைமாற வேண்டுமென்றால் எழுத்தில் இருக்க வேண்டும், நொத்தாரிசு முன்னால் இரண்டு சாட்சிகளோடு கையெழுத்தாக வேண்டும். ஏமாற்றைத் தடுக்க வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட சட்டம். நல்ல சட்டம். ஆனால் அது காப்பாற்றுவது காணியின் உரிமையை. அந்த வீட்டுக்குள் படுத்துத் தூங்கப்போகிறவரின் உயிரைப் பற்றி வீடு கைமாறுகிற நாளில் ஒருவரும் ஒரு கடதாசியும் கேட்பதில்லை.

த்ரீவீலர் வைத்திருக்கிறவர்களைக் கேளுங்கள். வருடா வருடம் லைசன் எடுக்கப் புகைப் பரிசோதனைக் கடதாசி வேண்டும். புதிதாகக் கரண்ட் எடுக்கப் போனால் வயரிங் பரிசோதித்த அறிக்கை கேட்கிறார்கள். எங்கள் மாவட்டத்தில் கட்டடம் கட்டப் போனால் மண்சரிவு அபாயம் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை கேட்கிறார்கள். வீட்டை விற்கும்போது கேஸுக்கு? ஒன்றுமில்லை. குசினியில் சிலிண்டரைப் பொருத்துகிறவர் யார், அவர் எங்கே படித்தார் என்று கேட்கிற வழக்கமே எங்களிடம் இல்லை. ஹாட்வெயார் கடையில் பைப் வெட்டித் தருகிற தம்பி, பக்கத்து வீட்டு நானா, இல்லாவிட்டால் நாமே.

"இதெல்லாம் வெள்ளைக்கார நாட்டுக் கதை" என்று சொல்லப் போகிறவர்களுக்கு ஒரு செய்தி. தென்னாபிரிக்காவில் கேஸ் பொருத்திய வீடு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறினால், பதிவு பெற்ற கேஸ் பொருத்துநர் ஒருவர் பரிசோதித்துக் கொடுத்த இணக்கச் சான்றிதழ் இருக்க வேண்டும். 2009இல் கொண்டுவந்த அமுக்க உபகரண ஒழுங்குவிதிகளில் அது இருக்கிறது. அங்கேயும் பல வீடுகளில் எங்களைப் போலச் சிலிண்டர் கேஸ்தான். இன்னொரு ஒற்றுமையும் உண்டு. காணி விற்பனையில் அவர்களுக்கும் எங்களுக்கும் அடிப்படை ஒரே ரோமன்-டச்சுச் சட்டம்தான். மறைந்திருக்கிற குறைக்கு விற்றவர் பொறுப்பு என்பது அந்தச் சட்டத்தில் பழைய கொள்கை. அவர்கள் அதற்கு மேலே போய், குறையை முதலிலேயே தேடிப் பார் என்று விதி போட்டார்கள். நாங்கள் வெடித்த பிறகு வழக்குப் போடலாம் என்று இருக்கிறோம். வழக்குப் போட யார் மிஞ்சியிருப்பார்?

இங்கிலாந்தில் வீடு விற்கும்போது இப்படிச் சான்றிதழ் கொடுக்கச் சட்டக் கட்டாயம் இல்லை. அதை மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் வாடகைக்குக் கொடுக்கிறவர் 12 மாதத்துக்கு ஒரு முறை பதிவு பெற்ற ஆளைக் கொண்டு கேஸைப் பரிசோதித்து, அந்த அறிக்கையைக் குடியிருக்கிறவரிடம் கொடுத்தே ஆக வேண்டும். பதுளை டவுனில் பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் மாற்றம் கிடைத்து வருகிறவர்களுக்கு அனெக்ஸ் கொடுத்து மாதாமாதம் வாடகை எண்ணுகிறவர்களே, கடைசியாக எப்போது அந்த அனெக்ஸின் கேஸ் பைப்பை மாற்றினீர்கள்?

*

இனி எனக்கு வரப்போகிற பதில்கள். எனக்கே மனப்பாடம்.

"இன்னொரு கடதாசி என்றால் இன்னொரு லஞ்சம்." இதில் உண்மை இருக்கிறது. பார்க்காமலே சைன் வைத்து விற்கிற கடதாசியால் பிரயோசனம் இல்லை. எங்கள் மாவட்டத்துக்கு அது நன்றாகவே தெரியும். கொஸ்லந்தை மீரியாபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை மலை இறங்கி லயன்களை மூடியது. அந்த இடம் ஆபத்து என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கை இருந்தது. மக்களும் அங்கேயே இருந்தார்கள், ஏனென்றால் போக வேறு இடம் கொடுக்கவில்லை. அதனால்தான் நான் கடதாசியை மட்டும் கேட்கவில்லை. வாங்குகிறவரும் விற்கிறவரும் பக்கத்தில் நிற்க, அவர்கள் கண்ணுக்கு முன்னால் சவர்க்கார நுரை பூசிப் பார்க்கிற பரிசோதனையைக் கேட்கிறேன். நுரையில் குமிழி வந்தால் லஞ்சம் கொடுத்து அதை மறைக்க ஏலாது.

"செலவு கூடும்." எத்தனை இலட்சத்துக்கு வீடு விற்கிறீர்கள்? புரோக்கருக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள்? ஒரு நல்ல பைப்பும் ரெகுலேட்டரும் கிளிப்பும் வாங்குகிற செலவு, கேட்டுக்குப் பெயின்ட் அடிக்கிற செலவை விடக் குறைவு. விற்கிற கிழமையில் கேட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறோமே!

"வாங்குகிறவர் பார்த்து வாங்கட்டும்." இதைத்தான் நான் கடுமையாக எதிர்க்கிறேன். சுவருக்குள் இருக்கிறதை வாங்குகிறவர் எப்படிப் பார்ப்பார்? அங்கே டேப் சுற்றியது தெரிந்தவர் ஒரே ஒருவர்தான், சுற்றியவர்.

என் முஸ்லிம் சகோதரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்தபோது உள்ளே ஈரமாக இருந்த சம்பவத்தை எத்தனை ஜும்ஆவில் கேட்டிருக்கிறோம்? மழையில் நனைந்தது என்று வியாபாரி காரணம் சொன்னார். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாமே என்பதுதான் அவர்கள் கேட்டதன் கருத்து. அரிசி ஈரமானால் பணம்தான் போகும். குறையை மறைத்து வீட்டை விற்றுவிட்டு அந்தக் காசில் உம்ராவுக்குப் போவதைப் பற்றிக் கொஞ்சம் யோசிப்போம். இது எங்களுக்கு மட்டும் சொன்ன நீதியும் இல்லை. கோயிலுக்கும் சர்ச்சுக்கும் விகாரைக்கும் போகிறவர்களுடைய மனச்சாட்சியும் இதைத்தான் சொல்லும்.

*

தோட்டத்துப் பெற்றோருக்கு.

"எங்களுக்கு உறுதியே இல்லை சேர், நாங்க எங்க வீடு விற்கிறது" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தலைமுறை தலைமுறையாக இருந்த காம்பராவுக்கு ஒரு துண்டுக் கடதாசி இல்லாத அநியாயம் பற்றித் தனியாக எழுத வேண்டும். ஆனாலும் காம்பரா கைமாறுகிறது. கொழும்புக்குப் போகிற குடும்பம் சொந்தக்காரருக்குக் கொடுத்துவிட்டுப் போகிறது. ஏழு பேர்ச் வீட்டுக்குப் போகிற குடும்பம் பழையதை விட்டுப் போகிறது. சிலிண்டரும் அடுப்பும் அப்படியே கைமாறுகிறது.

உங்களுடைய ஆபத்து டவுன்காரருடையதை விடப் பெரிது. லயத்தில் கூரை ஒன்று. ஒரு காம்பராவில் தீப்பிடித்தால் வரிசை முழுக்கப் போகும். பின்பக்கச் சாய்ப்பில் விறகடுப்பு எரிகிறது, அதே சாய்ப்பில் இரண்டடி தள்ளி கேஸ் அடுப்பு. சாமி விளக்கும் எரிகிறது. கேஸ் கசிந்தால் பொறிக்குக் காத்திருக்கத் தேவையே இல்லை, நெருப்பு ஏற்கெனவே இருக்கிறது. தீயணைப்பு வண்டி அந்தத் தோட்டப் பாதையில் ஏறி வர எவ்வளவு நேரமாகும் என்று உங்களுக்கே தெரியும். அதனால் காம்பராவுக்குள் வருகிறவர் பழைய பைப்பைக் கழற்றி எறியுங்கள். விறகடுப்பும் கேஸும் ஒரே கூரையின் கீழ் வேண்டாம். வீடு கட்டித் தருகிற அமைச்சும் நிறுவனங்களும் புது வீட்டுத் திட்டங்களில் சிலிண்டருக்கு வெளியே காற்றோட்டமான ஒரு சின்னக் கூடு கட்டிக் கொடுக்க வேண்டும். இதைத் தொழிற்சங்கத் தலைவர்களிடம் கேளுங்கள். மேடையில் மாலை போடும்போதே கேளுங்கள்.

*

திட்டிவிட்டுப் போனால் போதாது. நான் கேட்பது நாலு காரியம்.

ஒன்று. அட்வான்ஸ் கொடுக்க முதல் குசினியைப் பாருங்கள். பைப் சுவருக்குள்ளோ அலுமாரிக்குப் பின்னாலோ மறைந்து போகிறதா? எஸ்.எல்.எஸ். முத்திரை இருக்கிறதா? விறைத்து, வெடித்து, ஒட்டுப் போட்டிருக்கிறதா? ரெகுலேட்டர் இறுக்கமாகப் பிடிக்கிறதா? சிலிண்டர் இருக்கிற இடத்தில் தரை மட்டத்தில் காற்றுப் போக வழி இருக்கிறதா? அதற்குக் கீழே அறையோ கானோ இருக்கிறதா? கடைசியில் நுரை பூசிப் பார்க்க வேண்டும். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கிற வீரர்கள் இன்னும் இருக்கிறார்கள், அந்த வேலை வேண்டாம்.

இரண்டு. விற்பனை ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்: கேஸ், மின்சார இணைப்புகளை இரு தரப்பும் சேர்ந்து பரிசோதித்தோம், தெரிந்த குறைகள் இவை. இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. எங்கள் பகுதி நொத்தாரிசுமார் நினைத்தால் நாளைக்கே வழக்கத்துக்கு வரும். வாடகை ஒப்பந்தத்துக்கும் இதே வரிதான்.

மூன்று. பள்ளி நிர்வாகமும் கோயில் பரிபாலன சபையும் மரண உதவிச் சங்கமும் தங்கள் பகுதியில் இரண்டு இளைஞர்களை இந்த வேலைக்குப் பழக்கி எடுங்கள். ஓ.எல். முடித்துவிட்டுச் சும்மா இருக்கிற பிள்ளைகளுக்கு இது தொழிலும் கூட. தொழிற்பயிற்சி நிலையத்தில் இதைக் கற்பிக்கச் சொல்லி நாங்கள் சேர்ந்து கேட்கலாம். கடிதத்தை நான் எழுதுகிறேன், கையெழுத்து நீங்கள் தாருங்கள்.

நாலு. மாநகர சபைக்கும் பிரதேச சபைகளுக்கும் துணைவிதி போடுகிற அதிகாரம் இருக்கிறது. 2025 மே மாதம் வாக்குக் கேட்டு எங்கள் வாசலுக்கு வந்தவர்கள் இப்போது அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். வாடகை வீட்டுக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் வருடாந்த கேஸ் பரிசோதனை, வீடு கைமாறும்போது ஒரு பரிசோதனை அறிக்கை. இந்த இரண்டையும் பற்றிச் சபையில் ஒரு பிரேரணை கொண்டுவாருங்கள். கட்சி எது என்று நான் கேட்க மாட்டேன்.

டித்வா புயல் 2025 நவம்பர் கடைசியில் எங்கள் மலைகளைப் பிளந்து போட்ட பிறகு, இன்றைக்குக் காணி வாங்க வருகிறவர் முதலில் கேட்கிற கேள்வி "மண்சரிவு ரிப்போர்ட் இருக்கா?" என்பதுதான். முந்தி யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கற்றுக்கொள்ள எங்களுக்கு எத்தனை ஜனாஸா, எத்தனை பிரேதம் தேவைப்பட்டது! கேஸ் விசயத்திலாவது அந்த விலை கொடுக்காமல் கற்றுக்கொள்ளக் கூடாதா?

அவசர இலக்கங்களை இப்போதே போனில் போட்டு வையுங்கள்: தீயணைப்பு 110, அம்புலன்ஸ் 1990, நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை 1977. கேஸ் வாடை வந்தால் சுவிட்ச் எதையும் தொடாதீர்கள், போடவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். சிலிண்டரை மூடுங்கள், கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே போங்கள். போனையும் வெளியே போய்த்தான் எடுக்க வேண்டும்.

என் மருமகள் இன்றைக்கும் அந்தக் கீழ் அறையில்தான் தூங்குகிறாள். சிலிண்டர் இப்போது வீட்டுக்கு வெளியே, கூரை போட்ட கூட்டுக்குள். அந்த அக்கா அன்றைக்கு இரவு கொஞ்சம் முந்தித் தூங்கியிருந்தால் நான் வேறு மாதிரி ஒரு பதிவு போட்டிருப்பேன். நீங்களும் கீழே "இன்னாலில்லாஹி" என்றும் "ஆழ்ந்த அனுதாபம்" என்றும் எழுதிவிட்டுப் போயிருப்பீர்கள்.

இன்றைக்கு அதற்குப் பதிலாக ஒரு வேலை செய்யுங்கள். எழும்பிப் போய் உங்கள் குசினிப் பைப்பைப் பாருங்கள். பார்த்துவிட்டு வந்து, எத்தனை வருடப் பைப் என்று கீழே எழுதுங்கள். வெட்கப்பட வேண்டாம். என் வீட்டுப் பைப் ஏழு வருடம். அன்றைக்குத்தான் மாற்றினேன்.